பெயின்ட் வாளியில் கூம்புப் பூ

மச்சினன்: அக்கா தையல் மெஷின எடுத்துட்டு வரச் சொன்னா, இந்த ரூம்லதானே இருக்கும்? நீங்க என்னடான்னா கதவுக்குக் குறுக்க நிக்கறீங்களே மாமா?

மாமா: இந்த ரூம்ல இல்ல. அதோ ஹால்ல, துணி போட்டு மூடியிருக்கு பாரு. தூக்கிட்டுக் கிளம்பு. எனக்குக் கடை திறக்கற நேரம்.

மச்சினன்: நாலு மாசம் கழிச்சு மச்சினன் வந்திருக்கேன். ஒரு டீ கூடவா...

மாமா: பால் இல்ல.

மச்சினன்: பால் இல்லாமயே குடிப்பேன்.

மாமா: டீத்தூளும் இல்லடா. ...உங்க அக்கா எப்படி இருக்கா?

மச்சினன்: எங்க வீட்ல எங்களை அதட்டிக்கிட்டு நல்லாத்தான் இருக்கா. அது சரி, உங்க முதுகுக்குப் பின்னாடி என்ன?

மாமா: பால்கனி.

மச்சினன்: பால்கனிக்கு எதுக்கு இவ்ளோ தடியா ஒரு திரை?

மாமா: வெயில்.

மச்சினன்: காலைல எட்டு மணிக்கா? ...மாமா, அக்கா ஒரு செடி வெச்சிருந்தாளே, பேரு கூட வாயில நுழையாதே...

மாமா: ப்ரெய்ரி கோன்ஃப்ளவர். நாங்க கூம்புப் பூன்னு சொல்லுவோம்.

மச்சினன்: அதேதான். அது என்னாச்சு?

மாமா: செத்துப் போச்சு.

மச்சினன்: ஆறு செடியுமா?

மாமா: ஆறும்தான்.

மச்சினன்: எப்போ?

மாமா: ...போன மாசம்.

மச்சினன்: அப்போ உங்க விரல்ல என்ன, இவ்ளோ ஈர மண்ணு?

மாமா: நீ லிஃப்ட் ரிப்பேர் பண்றவனா, இல்ல போலீசாடா?

மச்சினன்: பாதி வழியில நின்னு போற லிஃப்ட் கதவையே தினம் தொறக்கறவன் நான். இந்தக் கதவு எம்மாத்திரம்? தள்ளுங்க...

மாமா: டேய்... டேய், மெதுவா! வாளியில இடிச்சுக்காதே!

மச்சினன்: அடேங்கப்பா! என்ன மாமா இது! ஒரு பெயின்ட் வாளியில இத்தனை பூவா?

மாமா: கத்தாதே. கீழ் வீட்டுக்காரங்க எட்டிப் பாக்கப் போறாங்க.

மச்சினன்: நடுவுல விரல் நீளத்துக்கு நெட்டுக்குத்தா நிக்குது... அதைச் சுத்தி மஞ்சளும் செவப்புமா பாவாடை கட்டி விட்ட மாதிரி... இப்படி ஒரு பூவ நான் பாத்ததே இல்ல. தொடலாமா?

மாமா: தொடு. அந்தக் காய்ஞ்ச கூம்ப லேசாக் கசக்கி மோந்து பாரு.

மச்சினன்: ...சோம்பு! மாமா, சோம்பு வாசனை அடிக்குது!

மாமா: எனக்கும் மொத தடவ அப்படித்தான் வியப்பா இருந்துச்சு.

மச்சினன்: செத்துப் போச்சுன்னு எனக்கே காது குத்தினீங்களே! சரி, மத்த அஞ்சு எங்க?

மாமா: அது நெஜமாவே போயிடுச்சு.

மச்சினன்: அன்னிக்கு என்னதான் நடந்துச்சு? அக்காகிட்ட கேட்டா மூஞ்சியத் திருப்பிக்கறா.

மாமா: உங்க அக்கா இந்த விதைய ஈர மணல்ல கலந்து, ஐஸ்கிரீம் டப்பால போட்டு, ரெண்டு மாசம் ஃப்ரிட்ஜுல வெச்சிருந்தா.

மச்சினன்: ஃப்ரிட்ஜுலயா? விதையவா? எதுக்கு?

மாமா: குளிர் பட்டாத்தான் அதுக்கு முழிப்பு வருமாம். ஒவ்வொண்ணா முளைச்சதும், ஆறு காலி பெயின்ட் வாளியில ஓட்டை போட்டு, வாளிக்கு ஒரு செடின்னு நட்டா. வெளுத்துப் போன பச்சை, நீலம்னு வாளிங்க... பாக்கவே கண்ராவியா இருந்துச்சு. அவ பொறந்த நாளைக்கு அசத்திடலாம்னு, வெள்ளை வெளேர்னு பீங்கான் தொட்டி வாங்கிட்டு வந்து, அவ வேலைக்குப் போயிருந்தப்போ செடிங்களப் பிடுங்கி மாத்தி நட்டேன்.

மச்சினன்: நல்லதுதானே செஞ்சீங்க?

மாமா: தொட்டி சாண் ஆழம். இதுக்கு ஆணிவேரு முழ நீளம் போகும்டா. அது நுனி அறுந்துட்டா அவ்ளோதான். ஒரே வாரத்துல அஞ்சும் வரிசையா படுத்துடுச்சு.

மச்சினன்: அப்போ இது மட்டும் எப்படி தப்பிச்சுது?

மாமா: கடையில ஆறாவது தொட்டி இல்ல.

மச்சினன்: ஹா ஹா... மன்னிச்சுக்கோங்க மாமா, சிரிப்பு வந்துடுச்சு.

மாமா: சிரி, சிரி. உங்க அக்கா சிரிக்கல. "ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே"ன்னா. இந்த வீட்டு கேஸ் அடுப்பு மாத்தினப்போ கேட்டீங்களா, என் மெஷின ஹாலுக்குத் தள்ளினப்போ கேட்டீங்களா, நான் வேலைய விடறேன்னு என் மேனேஜருக்கே போன் பண்ணீங்களே, அப்போ கேட்டீங்களான்னு... ஒண்ணொண்ணா எடுத்துப் போட்டா.

மச்சினன்: மேனேஜருக்கே போன் பண்ணீங்களா?

மாமா: தலைவலின்னு சொன்னாளேன்னு... நல்லது செய்யறதா நெனச்சேன்டா.

மச்சினன்: அப்புறம்?

மாமா: பைய எடுத்தா. வாசல்ல நின்னு, "மிச்சம் இருக்கற இந்த ஒண்ணாவது பூத்தா சொல்லுங்க, அப்போ வரேன்"ன்னா. போயிட்டா.

மச்சினன்: இதான் பூத்துக் குலுங்குதே! ஏன் மாமா சொல்லல?

மாமா: பாத்தா தெரியல? இதழ் எல்லாம் தொங்கிப் போய்க் கெடக்கு. வாடின பூவ வெச்சுக்கிட்டு எந்த மூஞ்சிய வெச்சுக் கூப்பிடறது?

மச்சினன்: வாடியிருக்கா? இருங்க... தண்டு விறைப்பா நிக்குது. இலை தளரல. தண்ணி எப்போ ஊத்தினீங்க?

மாமா: விரல ரெண்டு கணு ஆழம் விட்டுப் பாப்பேன். காய்ஞ்சிருந்தாத்தான் ஊத்துவேன். இன்னிக்குக் காலைலதான் ஊத்தினேன்.

மச்சினன்: உரம்?

மாமா: கூடவே கூடாது. கொழுப்பு ஏறினா சாஞ்சுடும். வெயில் மட்டும் நாள் பூரா வேணும். காய்ஞ்ச பூவக் கிள்ளி விட்டா புதுசு வரும். ஒரு ரெண்ட மட்டும் விதைக்கு விட்டிருக்கேன்.

மச்சினன்: இந்த மூலையில ஒண்ணு இருக்கே, இது எப்போ விரிஞ்சுது?

மாமா: இன்னிக்குத்தான். நான் பல் விளக்கறப்போ.

மச்சினன்: அதுவும் தொங்குதே மாமா.

மாமா: ...ம்.

மச்சினன்: பொறக்கும்போதே வாடுமா ஒரு பூ?

மாமா: நகரு, வாளிய வெயில் பக்கம் திருப்பணும்.

மச்சினன்: இவ்ளோ விஷயம் விரல் நுனியில வெச்சிருக்கற மனுஷனுக்கு, இதோட இதழே இப்படித்தான் தொங்கும்னு மட்டும் தெரியாமப் போச்சா?

மாமா: நேரமாச்சுடா. கடை...

மச்சினன்: ஊருக்கெல்லாம் மூக்குக் கண்ணாடி போட்டு விடற கடைக்காரர் நீங்க. என் கண்ணப் பாத்துச் சொல்லுங்க.

மாமா: ...தெரியும்.

மச்சினன்: எப்போலேர்ந்து?

மாமா: மொத பூ விரிஞ்ச அன்னிக்கே. விதை வித்த அம்மாவுக்கு போன் போட்டுக் கேட்டேன். இதோட அழகே அதான்னு சொன்னாங்க.

மச்சினன்: நீங்க? போன் போட்டு? ஒருத்தர்கிட்ட கேட்டீங்களா?

மாமா: நாலு மாசமா எல்லாத்தையும் கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன். எவ்ளோ தண்ணி, எந்தப் பக்கம் வெயில்... கேக்கறதுல என்ன கொறஞ்சு போச்சு? இந்தப் புத்தி அப்போ இல்ல.

மச்சினன்: அப்போ இதையும் அக்காகிட்ட கேட்டுடறதுதானே? வான்னு ஒரு வார்த்தை!

மாமா: அதான்டா முடியல. பூக்காத வரைக்கும், பூக்கல அதனால வரலன்னு நெனச்சுக்கலாம். பூத்துச்சுன்னு சொல்லி, அவ "சரி"ன்னு மட்டும் சொல்லிட்டு போன வெச்சுட்டான்னா? அப்புறம் நான் எதைச் சொல்லி மனச தேத்திக்கறது? பயமா இருக்குடா எனக்கு.

மச்சினன்: ...மாமா, இப்படி உக்காருங்க.

மாமா: மெஷின எடுத்துட்டுப் போ. நான் உன்னைக் கொற சொல்ல மாட்டேன்.

மச்சினன்: மெஷினுக்கு வரல நான். பத்து நாளா அக்கா பஸ் ஸ்டாப்புக்கு நேரா போகாம, இந்தத் தெருவச் சுத்திக்கிட்டு நடந்து போறா. கீழேர்ந்து அண்ணாந்து பாத்து பூவ எண்ணுவாளாம். நேத்து பதினொண்ணுன்னு சொன்னா, சொல்லிட்டு அழுதா. "பத்து நாளா பூத்து நிக்குது, ஒரு போன் இல்ல. என்னை வேண்டாம்னே முடிவு பண்ணிட்டாரா, கேட்டுட்டு வாடா"ன்னு அனுப்பியிருக்கா... நான் போய் என்னன்னு சொல்லட்டும்?