தேநீர்த் தட்டு அளவு

மான் வேட்டைக்குத் துப்பாக்கி எவ்வளவு துல்லியமாக இருக்க வேண்டும் என்று கேட்டீர்கள், அம்மா. அப்படியொன்றும் பெரிதாக வேண்டாம். நூறு கஜத்தில் ஒரு தேநீர்த் தட்டு அளவுக்குள் குண்டு விழுந்தால் போதும். கலைமானின் நெஞ்சில் அதைவிட இடம் உண்டு.

உங்கள் வேட்டை எஸ்டேட்டுக்கு வரும் விருந்தாளிகளுக்கு இது ஏறுவதே இல்லை. போன வாரம் லண்டனிலிருந்து வந்தாரே, பென்ரோஸ், காலையில் குறி சோதிக்க நாம் நிறுத்தியிருக்கும் இரும்பு மானைச் சுட்டுப் பார்க்கும்போதே ஆரம்பித்துவிட்டார்.

"என் துப்பாக்கி முந்நூறு கஜத்துல காசையே துளைக்கும்யா. எஸ்டேட்டோட இந்த ஓட்டைத் துப்பாக்கிய வச்சு என்ன பண்றது?"

"மான் காசு சைஸ்ல இருக்காதுங்க," என்றான் துப்பாக்கிகளைச் சரிபார்க்கும் நம் மர்டோ. எனக்கும் சிரிப்புத்தான். ஆனால் அந்த ஆளின் விஸ்கி மூச்சு எனக்குப் பிடிக்கவில்லை. முதல் மானின் ரத்தத்தைக் கன்னத்தில் பூசிக்கொண்டு படம் எடுக்கிற கூட்டம் அது.

நம் வழக்கம் உங்களுக்குத் தெரியும். இரும்பு மானில் சோதித்ததும் துப்பாக்கி உறைக்குள் போய்விடும். மலையில் அதைச் சுமப்பவன் நான். மான் தெரிந்ததும், கரிமண்ணில் வயிற்றால் ஊர்ந்து, கடைசி நிமிடத்தில்தான் விருந்தாளியின் கையில் கொடுப்பேன். அதற்குள் குறிபார்க்கும் கண்ணாடியின் திருகை லேசாகத் திருப்ப நேரம் இருக்கும். மான் எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறதோ, அதற்குத் தக்கபடி. நெஞ்சுக்குப் போகவேண்டிய குண்டு குடலுக்குப் போகும்.

அடிபட்ட மான் தள்ளாடி ஓடியதைப் பார்த்து பென்ரோஸ் வாந்தி எடுத்தார். எல்லோரும் அப்படித்தான், தங்கள் கைதான் நடுங்கிவிட்டது என்று நம்புவார்கள். நான் அவரை உட்காரவைத்துவிட்டு ரத்தத் தடம் பிடித்துத் தனியாகப் போனேன்.

குடலில் அடிபட்ட மான் உடனே சாகாது. ஓடைப் பள்ளத்தில் படுத்துக்கொள்ளும். சாணமும் ரத்தமும் கலந்து நாறும். நான் பக்கத்தில் உட்கார்ந்து கழுத்தைத் தடவிக் கொடுப்பேன். அது என்னைப் பார்க்கும். அப்படி என்னை வேறு யாரும் பார்த்ததில்லை. என் மனைவிகூட. பிறகு முடித்துவைப்பேன்.

மாலையில் துப்பாக்கியை மறுபடி சோதித்தால் தப்பாகச் சுடும். பழி மர்டோவின் தலையில் விழுந்தது. இந்த மாதக் கடைசியில் வேலையையும் வீட்டையும் விட்டுப் போகச் சொன்னீர்கள். அவன் மனைவி ஷோனக் நிறைமாதம். அவன் என்னிடம்தான் வந்து அழுதான்.

"காலைல சரியா சுட்டுதுண்ணே. மலைக்குப் போனா என்ன பேய் புடிக்குது இதுக்கு?"

அவனுக்காக உங்களிடம் நான் பரிந்து பேசினேன், நினைவிருக்கும். மனதாரத்தான் பேசினேன்.

நேற்று அவன் ஷோனக்கின் நகப்பூச்சை எடுத்து, திருகையும் அது உட்கார்ந்திருக்கும் குழலையும் சேர்த்துக் குறுக்கே ஒரு சிவப்புக் கோடு போட்டுவிட்டான். எனக்குத் தெரியாது. நான் மலையிலிருந்து திரும்பியதும் கோடு முறிந்து நிற்பதை நீங்களே பார்த்துவிட்டீர்கள்.

ஆமாம், நான்தான். இந்தப் பருவம் மட்டுமில்லை, பல வருஷமாக. மர்டோவுக்கு வேலையையும் வீட்டையும் திருப்பிக் கொடுங்கள், நல்ல பையன். ஒரு குறைதான் அவனிடம். அடிபட்ட மானைக் கண்டதுமே தூரத்திலிருந்து சுட்டுவிடுவான், பாசமே கிடையாது. அவசரப்பட வேண்டாம் என்று சொல்லுங்கள். நான் ஒருநாளும் அவசரப்பட்டதில்லை.