ஆர்வில் வெளியே நின்ற ஆட்டம்

எங்கள் வீட்டில் கடைசியாக நடந்த சாதாரண விஷயம், ஆர்வில் தன் சாஸேஜுக்குக் கடுகு விழுது கேட்டது. எடுத்துக் கொடுத்தேன். நான் மோசமான மனைவி அல்ல.

விசாரிக்க வந்த ஷெரிஃப் அலுவலக அதிகாரி மரியாதையானவர். ஆனால் ஹால்வர்சனைப் பற்றி அவர் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. அதனால் நானும் சொல்லவில்லை.

ஹால்வர்சன் பத்தொன்பது பருவங்கள் எங்கள் அமெரிக்கக் கால்பந்து அணிக்குப் பந்தெறிந்த குவாட்டர்பேக். முதல் இரண்டு ஆட்டங்களில் பந்தை ஈரச் சோப்புபோல நழுவவிட்டார். மூன்றாவது ஆட்டத்தில், டிவி முன்னாலிருந்து எழுந்து, வெளி அடுப்பில் கிடந்த சாஸேஜைப் புரட்ட ஆர்வில் பின்வாசலுக்குப் போன நொடியில், அறுபது கஜம் எறிந்தார். டச் டவுன், ஆறு புள்ளி. ஆர்வில் உள்ளே ஓடிவந்தார். அடுத்த பந்து எதிரணிக்காரன் கையில்.

"அண்ணே, நீ உள்ள இருந்தா நாம வெளங்கமாட்டோம்," என்றான் அவர் தம்பி கிளிஃப்.

இதையெல்லாம் எங்கள் ஊரில் யாரும் கேலி செய்வதில்லை. எங்கள் பாதிரியாரே ஆட்ட நாளில் இடது காலணியைக் கழற்றிவிட்டுத்தான் உட்காருவார்.

அன்றிலிருந்து ஆட்டம் இறுகினால் ஆர்வில் வெளியே போய்விடுவார். கண்ணாடிக் கதவு வழியாக என்னைப் பார்த்துக்கொண்டு நிற்பார். டச் டவுன் என்றால் நான் இரண்டு கைகளையும் தூக்குவேன். பதினோராவது பருவத்தில் ஹால்வர்சன் முறிந்த கட்டைவிரலோடு எறிந்து கோப்பையை வாங்கித் தந்தார். அந்த எறிதலை ஊரே பார்த்தது. ஆர்வில் என் முதுகைப் பார்த்தார்.

ஒரே ஒருமுறை, ஓர் அரையிறுதியில், காது உறைகிறது என்று பாதியில் உள்ளே வந்தார். பந்து பறிபோனது. ஒரு வாரம் என்னிடம் மன்னிப்புக் கேட்டார், பாவம். அதன்பிறகு நான் உள்ளே தாழ்ப்பாள் போட ஆரம்பித்தேன். மறுபடி அப்படியொரு பழி அவர் மேல் விழக் கூடாதல்லவா.

இந்த ஜனவரியில் நடந்தது ஹால்வர்சனின் கடைசி ஆட்டம். அவருக்கு நாற்பத்தொன்று. ஆர்விலுக்கு எழுபத்திரண்டு, இதயக் குழாயில் கம்பிவலை வைத்துப் பத்து நாள். வெளியே பூஜ்யத்துக்குக் கீழே இருபத்தாறு டிகிரி. ஆறு புள்ளி பின்தங்கியிருந்தோம். இரண்டு நிமிடம் மிச்சம். நானும் கிளிஃபும் ஆர்விலைத் திரும்பிப் பார்த்தோம்.

"என்னை ஏன் பாக்கறீங்க? டாக்டர் குளிர்ல போகக் கூடாதுன்னிருக்காரு."

"டாக்டர் எந்த ஊர்க்காரரு?" என்றேன்.

"சிகாகோ."

"அப்புறமென்ன? எதிரணி ஊர்க்காரரு நம்மள ஜெயிக்க விடுவாரா?"

ஆர்விலுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ரெண்டே நிமிஷம், லவோன். அதுக்கு மேல நான் நிக்கமாட்டேன்."

"குல்லாவ இழுத்து விட்டுக்கோங்க," என்றேன். நானே இழுத்தும் விட்டேன்.

ஆட்டக் கடிகாரத்தின் இரண்டு நிமிடம் எப்படிப்பட்டது என்பது அவருக்குத் தெரியாததல்ல. நிறுத்துவார்கள், கூடிப் பேசுவார்கள், விளம்பரம் வரும். சுவர்க் கடிகாரத்தில் முப்பத்தொரு நிமிடம் ஆனது. பதினெட்டாவது நிமிடத்தில் கண்ணாடியைத் தட்டினார். நான் திரும்பாமல் உள்ளங்கையைக் காட்டினேன். மறுபடியும் தட்டினார்.

கிளிஃப் எழுந்தான். "அண்ணி, தொறந்து விட்டுடலாமா?"

"பந்து பாதி மைதானம் வந்திருச்சு. உட்காரு."

உட்கார்ந்துவிட்டான். பத்தொன்பது பருவம் பார்த்தவன் அல்லவா.

தட்டும் சத்தம் மெதுவாகி, பிறகு நின்றது. சத்தம் நின்ற அந்த வேளையில்தான் ஹால்வர்சன் பின்னால் இரண்டடி வைத்து, மூன்று பேர் பாய்ந்து வர, மூலைக்கு எறிந்தார். அவ்வளவு அழகான பந்தை அவர் வாழ்நாளில் எறிந்ததில்லை. நான் எழுந்து கதவைப் பார்த்து இரண்டு கைகளையும் தூக்கினேன். ஆர்வில் கண்ணாடியில் நெற்றியைச் சாய்த்து உட்கார்ந்திருந்தார். கூடுதல் புள்ளிக்கான உதை பாக்கியிருந்ததால் உடனே திறக்கவில்லை.

எவ்வளவு நேரம் வெளியே இருந்தார் என்று அதிகாரி கேட்டபோது இரண்டு நிமிடம் என்றேன். கிளிஃப் தரையைப் பார்த்தான்.

தாழ்ப்பாளைப் போட்டது நான். தட்டியது கேட்டது. திறக்கவில்லை. திறந்திருந்தால் தோற்றிருப்போம், அதை ஆர்வில் தாங்கியிருக்கமாட்டார். ஏற்கெனவே பலவீனமான இதயம்.

இருபத்தெட்டுக்கு இருபத்தேழு. ஜெயித்தோம்.