கடைசிவரை பார்த்த படம்

வில்லியனூரிலிருந்து ஏம்பலம் போகும் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் கம்பெனி ஷிப்ட் முடிந்து வந்த இரண்டு பெண்கள் பேசிக்கொண்டு வந்தார்கள்.

“பேய்ப் படம்னு டிவில போட்டான், சிரிப்புதான் வந்துச்சு. நேத்து சண்டைப் படம். பாதியிலயே நிறுத்திட்டேன்” என்றாள் மூத்தவள்.

“இன்னாக்கா ஆச்சு?”

“குண்டடி பட்டவன் சாவுறதுக்கு முன்னாடி அவ்ளோ நேரம் பேசுறான்டி. சுத்தப் பொய்.”

இளையவள் சிரித்தாள்.

“எங்க வூட்டுக்காரரு போனப்ப ஒரு வார்த்த பேசலியே. டிவி பாத்துக்கினே என் தோள்ல சாஞ்சாரு. தூங்குறாருன்னு நெனச்சி சவுண்ட கொறைச்சிட்டு, நான் படத்த முழுசா பாத்தேன்.”

இளையவள் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். “அது இன்னா படம்க்கா?” என்று மெதுவாகக் கேட்டாள்.

“நல்ல படம்டி. அதான் அவரு பக்கம் திரும்பிக்கூட பாக்கல.”