நீர் நின்ற கீழறை

அன்றைய பயணத்தில் குறை என்று சொல்ல ஒன்றுதான் இருந்தது, அதிகாரி ஐயா. மதியம் கொடுத்த கோழிச் சாற்றில் உப்பு கொஞ்சம் தூக்கல். மற்றபடி ராவென்னாவில் சாப்பாடு நன்றாகவே இருந்தது. என் அக்கா யோலாண்டாவுக்கு உப்பு ஆகாது. இதயம் பலவீனம். ஆனாலும் பரிமாறிய பெண்ணிடம் மூன்று தடவை குறை சொல்லிக்கொண்டே தன் கிண்ணத்தைக் காலி செய்துவிட்டு, என் கிண்ணத்திலும் பாதியைக் குடித்தாள்.

எங்கள் ஊர்ப் பங்குக் கோவிலிலிருந்து ஆண்டுதோறும் இலையுதிர் காலத்தில் ஒரு சனிக்கிழமை பேருந்துப் பயணம் போவோம். இந்த ஆண்டு ராவென்னா. பழைய கிறிஸ்தவக் கோவில்களில் வண்ணக் கற்களைப் பதித்துச் செய்த படங்களைப் பார்ப்பதாக ஏற்பாடு. மொரேனா என்ற வழிகாட்டிப் பெண் எங்களைக் கூட்டிக்கொண்டு போனாள். பச்சைப் புல்வெளி, வெள்ளை ஆடுகள், நீலக் கூரை நிறைய நட்சத்திரம் என்று எல்லாம் கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருந்தன. கல்லைச் சமமாகப் பதிக்காமல் லேசாகச் சாய்த்துப் பதித்ததால்தான் வெளிச்சம் பட்டு மின்னுகிறது என்று அவள் சொன்னபோது எல்லோரும் அண்ணாந்து பார்த்தோம்.

"இம்மாத்துண்டு கல்லை ஒண்ணொண்ணா ஒட்டிக்கிட்டு உக்காந்திருந்தானே, அவனுக்கு வீட்ல பொண்டாட்டி இருந்திருக்க மாட்டா" என்றாள் யோலாண்டா. எல்லோரும் சிரித்தார்கள். நாலு பேர் நடுவில் அவள் அப்படித்தான் கலகலப்பாக இருப்பாள்.

வீட்டில் வேறு. நோய் அவளுக்கு, காவல் எனக்கு. நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரை எப்போதும் என் கைப்பையில்தான் இருக்கும். அவளிடம் கொடுத்தால் தொலைத்துவிடுவாள். கைபேசியும் அவளுக்குப் பிடிக்காது. கூப்பிட்ட குரலுக்கு நான் இருக்கும்போது அது எதற்கு என்பாள். சின்ன வயதில் எனக்கு மிலானில் துணிக்கடை வேலை கிடைத்தது. பெட்டியைக் கட்டிய அன்று அவளுக்கு நெஞ்சு அடைத்தது. பிறகு பாடகர் குழுவோடு ரோமாபுரிக்குக் கிளம்பினேன். அன்றும் அடைத்தது. அவள் நடித்தாள் என்று நான் சொல்லவில்லை. நான் வாசலைத் தாண்டப் போகிறேன் என்றால் அவள் இதயத்துக்கு எப்படியோ தெரிந்துவிடும், அவ்வளவுதான்.

போன ஆண்டு ஜெலிந்தோ வந்தார். மனைவியை இழந்தவர். ஆற்று முகத்துவாரத்தில் விலாங்கு மீன் பிடித்து ஓய்ந்தவர். ஞாயிறு பூசை முடிந்ததும் எங்கள் வீட்டுக்கு வந்து காப்பி குடிப்பார். ஒரு நாள், "நோரினா, மிச்சம் இருக்கிற காலத்துக்கு ரெண்டு பேரும் ஒரே மேசையில சாப்பிடலாமா?" என்று கேட்டார். அறுபத்து மூன்று வயதில் என்னிடம் ஒருவர் கேட்ட கேள்வி அது. சரி என்றேன். அடுத்த ஆண்டு பாஸ்கா திருநாள் முடிந்ததும் கல்யாணம் என்று பேச்சு. இந்தச் செப்டம்பரில் திடீரென்று அவர் வருவது நின்றுபோனது. தெருவில் பார்த்தால் தொப்பியைத் தூக்கிவிட்டு எதிர்ப்பக்கம் போய்விடுவார். மனம் மாறிவிட்டார் போலிருக்கிறது என்று நான் வாயை மூடிக்கொண்டேன். தலையணைக்குத் தெரியும் நான் பட்ட பாடு.

பேருந்து வழக்கத்தையும் சொல்லிவிடுகிறேன், நீங்கள் அதைத்தானே திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். எங்கள் பங்குச் சாமியார் தலைகளை எண்ணுவதில்லை. முன்பு எண்ணிக்கொண்டிருந்தார். ஒரு முறை எண்ணிக்கை சரியாக இருக்கிறது என்று வண்டியைக் கிளப்பிவிட்டார். பாதி வழியில் பார்த்தால் வேறு பங்குக் கிழவர் ஒருவர் எங்கள் வண்டியில் குறட்டை விட்டுக்கொண்டிருக்கிறார். எங்கள் மணி அடிப்பவர் சாலையோரச் சாப்பாட்டுக் கடையில் அழுதுகொண்டிருக்கிறார். அன்றிலிருந்து, "பக்கத்து ஆள் இருக்காங்களா?" என்று கேட்பார். அவரவர் பக்கத்து இருக்கையைப் பார்த்து, "இருக்காங்க சாமி" என்று சொல்ல வேண்டும். என் பக்கத்து இருக்கை அக்காவுடையது. அவளுக்கு நானும் எனக்கு அவளும் பொறுப்பு.

கடைசியாகப் பார்த்தது ஊர் ஓரத்தில் ஒரு சின்னக் கோவில். ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் அங்கே பூசை. தரை தாழ்ந்துபோய், பலிபீடத்துக்குக் கீழே இருக்கும் அறையில் நிலத்தடி நீர் நிற்கிறது. தண்ணீருக்கு அடியில் பழைய தரை, அதில் மயில்கள். மேலே தங்கமீன்கள் நீந்துகின்றன. படிகள் குறுகல் என்பதால் நாலைந்து பேராக இறங்கினோம். நானும் அக்காவும் கடைசி. கீழே பெட்டியில் நாணயம் போட்டால் விளக்கு எரியும். கொஞ்ச நேரத்தில் தானாக அணைந்துவிடும்.

யோலாண்டாவுக்கு மூச்சு வாங்கியது. சுவரோரக் கல் திண்டில் உட்கார்ந்தாள். மற்றவர்கள் மேலே போய்விட்டார்கள்.

"மீனைப் பாத்ததும் ஞாபகம் வருது. உன் விலாங்குக்காரர் இப்பல்லாம் வர்றதில்லையே, கவனிச்சியா?"

"கவனிச்சேன்."

"நான்தான் கூப்பிட்டுச் சொன்னேன். தங்கச்சிக்கு இதுல இஷ்டமில்ல, உங்க மூஞ்சிக்கு நேரா சொல்லக் கூச்சப்படுறா, நீங்களா ஒதுங்கிக்கிட்டா ரெண்டு பேருக்கும் மரியாதைன்னு. நல்ல மனுஷன். ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசல. கண்ணுல தண்ணி வச்சுக்கிட்டுப் போனாரு."

"ஏன்க்கா?"

"ஏனா? ராத்திரி எனக்கு மூச்சு முட்டினா யாருடி எழுந்து வருவா? அந்த ஆளா? கிழவி மாப்பிள்ளை தேடுறான்னு ஊரு சிரிக்கும்டி. உன் நல்லதுக்குத்தான்." பிறகு தண்ணீரைக் காட்டினாள். "அங்க பாரேன், அந்த லூசு மீனு கல்லு மயிலைக் கொத்திப் பாக்குது."

அவள் சிரித்தபோது விளக்கு அணைந்தது.

"போச்சு. காசு போடுடி" என்றாள் இருட்டிலிருந்து.

போட்டேன். வெளிச்சம் வந்தது. "நீ இரு, நான் மேல போய் வண்டி வந்திடுச்சான்னு பாக்குறேன்" என்றேன். என் குரல் நடுங்கவில்லை. கோபத்தில் செய்தேன் என்று எழுதிக்கொள்ளாதீர்கள். கோபம் எனக்கு வழக்கமில்லை.

மேலே மொரேனா சாவியோடு நின்றாள். "கீழ யாராவது இருக்காங்களாம்மா?"

"இல்லம்மா, நான்தான் கடைசி."

கீழறைப் படிக்கட்டின் கதவு கனமான ஓக் மரக் கதவு. அவள் பூட்டும்போது கீழிருந்து, "நோரினா" என்று ஒரு குரல் மெல்லக் கேட்டது. அது பயந்த குரல் இல்லை, தண்ணீர் கேட்கும் குரல். இரண்டும் எனக்கு நன்றாகத் தெரியும். மொரேனாவுக்கு அன்று ஜலதோஷம். அந்த நேரம் பார்த்து மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தாள்.

பேருந்தில் எங்கள் இருக்கை கடைசி வரிசை. மதியம் வெயில் அடித்ததால் யோலாண்டா தன் மேலங்கியை அங்கேயே விட்டுப் போயிருந்தாள். அதைப் போர்வையோடு சேர்த்துச் சன்னலோரம் குவித்து வைத்தேன். "பக்கத்து ஆள் இருக்காங்களா?" என்றார் சாமியார். எல்லோரோடும் சேர்ந்து நானும் சொன்னேன். எங்களுக்கு முந்தின வரிசை அம்மாள் திரும்பி, "அக்கா தூங்குறாங்களா?" என்று கேட்டாள். "ஆமா, சாறு கொஞ்சம் ஜாஸ்தியாயிடுச்சு" என்றேன். எங்கள் ஊரில் இறங்கும்போது மூடுபனி. தன் கையே தனக்குத் தெரியாத பனியில் அடுத்தவரை யார் பார்க்கிறார்கள்? எல்லோரும் விட்டால் போதும் என்று வீட்டுக்கு ஓடினார்கள். நான் அவளுடைய மேலங்கியைக் கையில் போட்டுக்கொண்டு நடந்தேன்.

நன்றாகத் தூங்கினேன். காலையில் நல்ல உடை உடுத்திக்கொண்டு ஜெலிந்தோ வீட்டுக்குப் போனேன். அக்கா சொன்னது பொய், எனக்கு இஷ்டம்தான் என்று அவரிடம் சொன்னேன். என் கையைப் பிடித்துக்கொண்டார். அடுப்பில் காப்பி பொங்கி வழிந்தது, இரண்டு பேரும் கவனிக்கவில்லை. என் வாழ்க்கையில் சந்தோஷம் என்று நான் சொல்லக்கூடியது அந்தக் காப்பி வழிந்த நேரம்தான்.

பிறகு அவர் கேட்டார். "ஆனா ராத்திரியில அக்காவை யாரு பாத்துக்குவா?"

"அதுக்கெல்லாம் ஏற்பாடு பண்ணிட்டேன்" என்றேன்.

மதியத்துக்குள் ராவென்னாவிலிருந்து செய்தி வந்துவிட்டது. பூசைக்குத் திறந்த கோயிற்பிள்ளை அவளைக் கண்டாராம். மேல் படியில், கதவில் தலையைச் சாய்த்து உட்கார்ந்திருந்தாளாம். மாத்திரை இருந்திருந்தால் பிழைத்திருப்பாள் என்று மருத்துவர் சொன்னதாகச் சொன்னீர்கள். இருக்கலாம். அது என் கைப்பையில் பத்திரமாக இருந்தது. ஏற்பாடு பண்ணிவிட்டேன் என்று நான் சொன்ன பதிலை உங்களிடம் சொன்னவர் ஜெலிந்தோ என்று தெரியும். அவரைக் குறை சொல்ல மாட்டேன், நேர்மையான மனிதர். ஆனால் நேற்று இங்கே நடைகூடத்தில் என்னைப் பார்த்தபோது தொப்பியைக்கூடத் தூக்கவில்லை. அதுதான் தாங்கவில்லை.

எல்லாம் நான் செய்ததுதான். தெரிந்துதான் செய்தேன், எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் கல் நெஞ்சுக்காரி என்று மட்டும் எழுதாதீர்கள். நான் விட்டுவிட்டு வரும்போது அவள் இருட்டில் இல்லை, நான் காசு போட்டுவிட்டுத்தான் வந்தேன். பணப்பையில் இன்னும் சில நாணயங்கள் இருந்தன. அவற்றையும் போட்டுவிட்டு வந்திருந்தால், பாவம், அவள் படியேறும் வரை வெளிச்சம் இருந்திருக்கும். என் மனத்தை உறுத்துவது அது ஒன்றுதான், ஐயா.