அடிக்காத இருபத்தைந்து அடி

விரலில் தார் ஒட்டினால் மண்ணெண்ணெய் தேய்க்காதீர்கள் ஐயா, தோல் எரியும். கொஞ்சம் சமையல் எண்ணெய் போதும். மேசைமேல் இருக்கும் அந்தக் கறுப்புக் கட்டியைத் தொட்டவர்கள் எல்லோருமே இப்படித்தான் கையைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்கள். இந்த வெயிலுக்கு அது கசியத்தான் செய்யும்.

கட்டி என்னுடையதுதான். மேலே ஒட்டியிருக்கும் சீட்டிலுள்ள தேதியும் என் கையெழுத்துதான்.

சாலைக் கலவையைச் சோதிக்கும் லேபில் எனக்கு இருபத்திரண்டு வருடம். பெரிய வித்தை ஒன்றுமில்லை. ஜல்லியையும் தாரையும் சூடாகக் கலந்து இரும்பு அச்சில் போட்டு, சம்மட்டியால் ஒரு பக்கம் எழுபத்தைந்து அடி, திருப்பிப் போட்டு எழுபத்தைந்து அடி. லாரிகள் வருடக்கணக்கில் மிதிக்கப்போவதை நாங்கள் முன்கூட்டியே மிதித்துப் பார்க்கிறோம். அவ்வளவு அடி வாங்கிய பிறகும் கட்டிக்குள் நூற்றுக்கு மூன்று நான்கு பங்கு காற்று மிஞ்ச வேண்டும். மிஞ்சாவிட்டால் வெயிலில் தாருக்குப் போக்கிடம் இல்லாமல் மேலே வந்துவிடும். சாலை வியர்க்கிறது என்போம். வியர்த்த சாலையில் மழை விழுந்தால் டயருக்குப் பிடி கிடையாது.

எங்கள் தலைமைப் பொறியாளரை டாக்டர் என்றுதான் கூப்பிட வேண்டும். ஊசி போடத் தெரியாது, பட்டம் வாங்கியவர். பட்டங்களை எழுதி மாட்டிய பலகை அவர் அறைக் கதவைவிடக் கொஞ்சம் அகலம். மலைச்சரிவில் போடவிருந்த சாலைக்கு ‘நூற்றாண்டுச் சாலை’ என்று பெயர் வைத்து, ஒரு கூடை ஜல்லி கொட்டும் முன்பே கல்வெட்டும் செதுக்கிவிட்டார். திறப்பு விழாப் படத்தில் சாலை பளபளக்க வேண்டும் என்பதற்காகக் கலவையில் தாரைக் கூட்டச் சொன்னார்.

கூட்டி, முழுசாக அடித்துப் பார்த்தேன். ஒன்றேகால் பங்குதான் காற்று. அந்தக் கட்டியை எடுத்துக்கொண்டு அவர் அறைக்குப் போனேன். இதே கட்டிதான். அறை நிறைய விருந்தினர்கள்.

“சார், இது வியர்க்கும் சார். நூத்துக்கு ஒரு பங்காவது தாரைக் குறைக்கணும்.”

“வியர்க்குதா? பக்கத்துல ஒரு ஃபேனைப் போட்டு விடுய்யா” என்றார். பிறகு விருந்தினர்களிடம், “சம்மட்டி சத்தத்துல இவருக்குக் காதுதான் போச்சுன்னு நெனச்சேன். இப்ப மேலயும் போயிடுச்சு போல.”

ஒருவருக்குத் தேநீர் புரையேறும் அளவுக்குச் சிரிப்பு. நானும் சேர்ந்து சிரித்தேன். அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

கட்டியை வீட்டுக்குக் கொண்டுபோய் இழுப்பறையில் வைத்துப் பூட்டினேன். மறுநாள் அதே கலவையில் புதிதாக மூன்று கட்டி போட்டேன். பக்கத்துக்கு ஐம்பது அடி. அடியை என்னைத் தவிர யாரும் எண்ணுவதில்லை. அடி குறைந்தால் காற்று தங்கும். மூன்றரைப் பங்கு வந்தது. தராசு காட்டியதைத்தான் எழுதினேன் ஐயா. நான்கு பக்க ரிப்போர்ட்டில் ஒரு அடித்தல் திருத்தல் கிடையாது.

நான் ஆசைப்பட்டது சின்ன விஷயம். சாலை வியர்க்க வேண்டும். ஊர் சிரிக்க வேண்டும். டாக்டர் என் லேப் வாசலுக்கு இறங்கிவந்து, “இப்ப என்னய்யா பண்றது?” என்று கேட்க வேண்டும். அப்போது இழுப்பறையைத் திறப்பேன்.

அந்த ரிப்போர்ட்டை வைத்துச் சாலையும் போட்டார்கள். கோடையில் வியர்த்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் போய்ப் பார்ப்பேன். இரண்டாவது வளைவில் செருப்பு ஒட்டிக்கொண்டு வந்தது. மனசுக்கு நிறைவாக இருந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை.

என் தங்கைக்குச் சரிவுக்குக் கீழே தையல் ஆலையில் வேலை. தினமும் ஆலை வேனில்தான் போவாள். முதல் மழை இருட்டிக்கொண்டு வந்த காலையில் அவளிடம் சொன்னேன்.

“இன்னிக்கு வேன் வேணாம். பழைய ரோட்டுல பஸ்ல போ.”

“அது ஊரைச் சுத்தும்ணா. லேட்டானா சூப்பர்வைசரம்மா பிடிச்சு உலுக்கிடும். வேனுக்கு என்ன?”

“சொன்னா கேளு.”

“என்னன்னு சொன்னா மத்தவங்களையும் கூட்டிட்டுப் போவேன்ல?”

“ஏன், அவங்களுக்கெல்லாம் அண்ணன் இல்லையா?” என்றேன். சிரித்துவிட்டுப் போனாள்.

மற்றவர்களுக்கும் சொல்லியிருக்கலாமே என்கிறீர்கள். சொன்னால் எப்படித் தெரியும் என்று கேட்பார்கள். ஐம்பது அடி வெளியே வரும். தப்பெல்லாம் லேப்காரனுடையது என்று டாக்டர் கையைத் தட்டிவிட்டுக் கிளம்பியிருப்பார். இத்தனை மாதம் காத்திருந்ததற்கு அர்த்தமே இல்லாமல் போயிருக்கும்.

எட்டு இருபதுக்கு, இரண்டாவது வளைவில் வேன் நேராகப் போய்விட்டது. ஒன்பது பெண்கள், ஒரு டிரைவர். பிரேக் பிடித்த தடமே இல்லை என்று ஆச்சரியப்பட்டார்கள். இருக்காது.

விசாரணைக் குழுவுக்கு டாக்டரே தலைவர். என் ரிப்போர்ட்டைக் கேமராக்களுக்குத் தூக்கிக் காட்டி, கலவையில் குறையே இல்லை, டிரைவரின் வேகம்தான் காரணம் என்றார். டிரைவர் மறுத்துப் பேசவில்லை. பிறகு டாக்டர் என் தோளில் கை போட்டார். இருபத்திரண்டு வருடத்தில் முதல் முறையாக என் பெயரைச் சொன்னார், அதுவும் தப்பாக.

தங்கை நான்கு நாள் இழவு வீடுகளுக்குப் போய்வந்தாள். ஐந்தாம் நாள், “உனக்குத் தெரியும்ல?” என்று மட்டும் கேட்டாள். நான் வேலைக்குப் போனதும் இழுப்பறைப் பூட்டை உடைத்திருக்கிறாள். சீட்டில் எல்லாம் தெளிவாகத்தானே எழுதியிருந்தேன்: எழுபத்தைந்து அடி, காற்று ஒன்றேகால், சாலை போடுவதற்கு இரண்டு மாதம் முந்தைய தேதி. அவள்தான் அதை உங்கள் மேசைக்குக் கொண்டுவந்தாள். என்னை அண்ணன் என்று சொல்வதையும் விட்டுவிட்டாளாம். நன்றி கெட்ட பிள்ளை. இருந்தாலும் எனக்குக் கோபமில்லை.

வாக்குமூலத்தைக் கொடுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். அதற்கு முன் விட்டுப்போன ஒரு வரியைச் சேர்த்துக்கொள்ளுங்கள் ஐயா: அன்று அந்த வேனில் போயிருக்க வேண்டிய ஒரு பெண்ணின் உயிரைக் காப்பாற்றியது நான்தான்.