நாணல்துறைக்கு வழி கேட்டவன்

ஊருக்கு வழியா கேக்குறீங்க? அந்தக் கல்லைத் தடவிப் பிரயோசனமில்ல, ஒரு எழுத்து கெடையாது. உப்பு மூட்டைய எறக்கி வச்சிட்டு உக்காருங்க, சொல்றேன். நடுவுல எவனாச்சும் சிரிச்சான், அவனுக்கு என் கடையில டீ இல்ல.

ரொம்ப முந்தி, இந்த ஆத்தங்கரையில நாணல்துறை நாணல்துறைன்னு ஒரு ஊரு. அங்க கோவ் ஹெங்குன்னு ஒரு கல்தச்சர். எங்க பாட்டனுக்குப் பாட்டனுக்குப் பாட்டன். நல்ல வேலைக்காரராம். ஆனா ஒரு எழுத்துப் படிக்கத் தெரியாது. எழுத்துக்காரன் கல்லு மேல மையால எழுதுவான், இவரு அது மேலயே வெட்டுவாரு. அம்புட்டுத்தான்.

அப்போ சீனத்து ராசாவுக்கு வயசு ரெண்டு. தாய்மாமன்தான் தூக்கி வளத்தான். ஒரு நாள் புள்ளைய எறக்கி விட்டுட்டு அவனே சிம்மாசனத்துல ஏறி உக்காந்துக்கிட்டான். "இனிமே என் வம்சம், ஆயிரம் வருசம் ஆளும்"னானாம். ஆண்டது பதிமூணு வருசம். த்தூ!

புது வம்சத்துக்கு எல்லாமே புதுசா வேணுமாம். சோறு போட வக்கில்ல, ஊருக்கு ஊரு பேரு மாத்துனான். எட்டு வருசம் போயி நம்மூருக்கும் மொறை வந்துச்சு. மொத வருசம் நாணல்துறை 'நிறையமைதி' ஆச்சு. மறு வருசம் 'மன்னன்மகிழ்'. அதுக்கு மறு வருசம் வேறொண்ணு. கோவ் ஹெங் ஊர்க் கல்லுல வெட்டுவாரு, அழிப்பாரு. வெட்டுவாரு, அழிப்பாரு.

அவருக்கு ஒரு மக, எங்க வம்சம் அவ வழி. ஒரே மகன், ஷுன்னு பேரு. பேரு மாறுறதுக்குக் கொஞ்சம் முந்திதான் வடக்க கோட்டை கட்ட அவனை அஞ்சு வருசத்துக்குப் புடிச்சிட்டுப் போயிட்டாங்க. கெழவனுக்கு ராப்பகலா இதே நெனப்பு. "எம்மவன் போறப்ப இது நாணல்துறை. திரும்பி வர்றப்ப எந்தப் பேரைச் சொல்லி வழி கேப்பான்?"

அவன் போன அஞ்சாவது வருசம் அதிகாரி வந்தான். இதோ, இந்த முச்சந்திக்கு ஒரு பெரிய கல்லு வெட்டணும்னான். மையால எட்டு எழுத்து, சீனத்து எழுத்துல ஒண்ணொண்ணும் ஒரு வார்த்தை. கோவ் ஹெங் கும்புட்டுக் கேட்டாராம், "என்னங்கய்யா எழுதியிருக்கு?"

எழுத்துக்காரன் வாயைக் கோணிக்கிட்டு, "வழி கேக்குறவனுக்கான கல்லுய்யா"ன்னானாம்.

பொய்யில்ல. ஆனா முழுசாவும் சொல்லல. கெழவனுக்கு அவ்வளவு சந்தோசம்! எழுத்துக்குக் கீழ தன் அடையாளமா ஒரு நாணல் எலையும் வெட்டுனாரு. மகன் பாத்தா கண்டுக்குவானாம்.

கல்லுல இருந்தது என்ன தெரியுமா? 'பழைய பேரைச் சொல்லி வழி கேட்பவனை அடித்துக் கொல்.'

ஷுன் வந்தான். அவனுக்கும் படிக்கத் தெரியாது. எலைய மட்டும் பாத்தான். "எங்கப்பா கை! எங்கப்பா கை!"ன்னு கல்லைக் கட்டிப் புடிச்சிக்கிட்டானாம். பக்கத்துல நின்ன காவக்காரன்கிட்ட, வாயெல்லாம் பல்லா, "அண்ணே, நாணல்துறைக்கு எந்தப் பக்கம் போவணும்?"

இந்தக் கல்லடியிலயே அடிச்சுப் போட்டாங்க. சந்தைக்கு வந்த நம்மூரு ஆளுங்க நாலு பேரு நின்னாங்களாம். ஒருத்தனும் வாயத் தொறக்கல.

அடுத்த பதினோராம் நாளு, பசியில வெறி புடிச்ச ஜனம் அரமனைக்குள்ள பூந்து அந்த ராசாவ வெட்டிப் போட்டுச்சு. பதினோரு நாளு முந்திச் செத்துத் தொலைஞ்சிருக்கக் கூடாதா, பாவி!

புதுசா வந்தவங்க, "பழைய பேரே செல்லும், ஊர்க் கல்லுல வெட்டுய்யா"ன்னாங்க. கோவ் ஹெங், "மொதல்ல முச்சந்திக் கல்லுல என்ன இருக்குன்னு படிங்க"ன்னாரு. அதுக்குக் கீழ எதுக்கு மகனைக் கொன்னாங்கன்னு அதுவரைக்கும் அவருக்குத் தெரியாது. படிச்சாங்க. கேட்டாரு. உளிய எடுத்து எட்டு எழுத்தையும் செதுக்கி எடுத்தாரு. ஊர்க் கல்லையும் மொட்டையாக்குனாரு. "எம் ஊருக்கு இனிமே எழுத்தே வேணாம்"னு உளிய ஆத்துல வீசிட்டாராம்.

நீங்க சாஞ்சிருக்கீங்களே, அதான் அந்தக் கல்லு. கீழ தடவுங்க. எலை தட்டுப்படுதா?

அதனாலதான் இங்க வழி கேட்டா யாரும் வாயால சொல்றதில்ல. கைவேலைய அப்படியே போட்டுட்டு ஊரு வரைக்கும் கூட நடக்குறது. கல்யாண வீடானாலும் சரி, எழவு வீடானாலும் சரி.

ம், எந்திரிங்க, போவலாம். கடைய யாரு பாப்பாங்களா? கெடக்கட்டும். அன்னைக்கு வாயத் தொறக்காம நின்ன நாலு பேர்ல ஒருத்தரு என் புருசன் வீட்டுப் பாட்டனுக்குப் பாட்டனுக்குப் பாட்டன்.