முன்பலகையின் முதல் பல்

– மரம் வெட்டற அந்தப் பெரிய ரவுட்டர் மெஷினை எடுக்காதீங்க, சொல்லிட்டேன்.

– வேற எதை எடுக்கச் சொல்ற? கம்பெனிக்காரன் முன்னாடி அந்தச் சின்னதைக் கையில வெச்சுக்கிட்டு நின்னா, ஷேவிங் பண்ண வந்தவன்னு நினைப்பான்.

– நினைச்சா நினைச்சுட்டுப் போறான். போன வாரம் பெரியது உங்க கையிலேருந்து துள்ளி, பலகையைப் பிடிச்சு நிறுத்தற ஜிக்கையே கடிச்சுதே, மறந்து போச்சா?

– அது மரத்துல முடிச்சு இருந்துச்சு. பெரிய மெஷின்னா ஒரு கனம் இருக்குடி. அந்தக் கனமே நடுக்கத்தை அமுக்கிடும். கணக்கா நிக்கும்.

– எங்க கணக்கா நிக்குது? கையில இருக்கிற டம்ளரே நிக்க மாட்டேங்குது. கீழ வைங்க அதை, மேல கொட்டிக்காதீங்க. மாத்திரை போட்டீங்களா இல்லையா?

– போடல.

– ஏங்க இப்படிப் பண்றீங்க? போடலைன்னா ரெண்டு மடங்கா ஆடும்னு டாக்டர் படிச்சுப் படிச்சுச் சொன்னாருல்ல?

– போட்டா அடிச்சுப் போட்ட மாதிரி தூங்கிடுவேன். அந்த ஆளு மத்தியானம் வர்றேன்னு சொல்லியிருக்கான். பட்டறைக்காரன் குறட்டை விட்டுட்டுக் கிடந்தா நல்லாவா இருக்கும்?

– ஃபோன்ல என்ன சொன்னாரு, இன்னொரு தடவை சொல்லுங்க.

– எத்தனை தடவைடி? நீ தண்ணி பிடிக்கப் போயிருந்த. ஃபோன் அடிச்சுது, எடுத்தேன். 'மத்தியானம் வந்து நேர்ல பார்த்துடறேன், அம்மாகிட்ட சொல்லிடுங்க'ன்னான். வெச்சுட்டான்.

– எங்கேருந்து பேசறேன்னு சொல்லலையா?

– கேக்கல. தராசுக் கம்பெனிய விட்டா நம்மளத் தேடி யாரு வர்றா? அன்னைக்கு நாம பண்ணிக் கொடுத்த பெட்டி மூலை பிரிஞ்சு அவங்க தராசு விழுந்து நொறுங்கிச்சு பாரு, அப்பவே தெரியும் எனக்கு. ஒருநாள் ஆள் அனுப்பி என் கையைப் பார்ப்பாங்கன்னு.

– அது கெடக்கட்டும். வர்றவரை நான் பேசி அனுப்பிக்கறேன். நீங்க போய்ப் படுங்க.

– நீ என்னத்தப் பேசுவ? இன்னைக்கு நான் வெட்டிக் காட்டலைன்னா நாளைக்கு வேற பட்டறைக்கு வேலை போயிடும். அப்புறம் நான் எதுக்கு காலைல எந்திரிக்கணும், சொல்லு. பெரியது வேணாம்னா மேசைக்கு அடியில மாட்டியிருக்கிற ரவுட்டரை ஓட்டறேன். அது அசையாது, பலகைதான் நகரும்.

– பலகையைத் தள்றது எது? உங்க கைதானே? வெட்டற பிட்டு மேசை மேல நீட்டிக்கிட்டுச் சுத்தும், கை நேரா அதைப் பார்த்துப் போகும். அதுல ஒரு வெட்டு வெட்டினாலே நீங்க திரும்ப எண்ணிப் பார்க்கணும் விரலை.

– நல்ல வாய்டி உனக்கு. பொண்ணு பார்க்கப் போன இடத்துல குத்தம் சொல்ற அத்தை மாதிரி, மூணு ரவுட்டருக்கும் மூணு குத்தம். ஒண்ணு கனம், ஒண்ணு ஆபத்து, ஒண்ணு பொம்மை. எதைத்தான் எடுக்கறது?

– எதையும் எடுக்க வேணாம்னுதான் சொல்றேன்.

– சரி, முதல்ல செஞ்சதைக் காட்டறேன். அந்த அலமாரியில போன வாரம் முடிச்ச பெட்டி இருக்குல்ல, அதை எடு.

– அது எதுக்கு இப்ப?

– எடுன்னா எடு. ஆங்... பாரு இதை. பல்லும் பள்ளமும் எப்படிக் கோத்துக்கிட்டு நிக்குது பாரு. ஒரு காகிதம் நுழையுமா? நடுங்குது நடுங்குதுங்கறியே, நடுங்குற கை வெட்டினதா இது? இதைப் பார்த்ததும் அவனே... இரு. அந்த ஜன்னலைத் திற.

– எதுக்கு, தூசி வரும்.

– திறடி.

– திறந்துட்டேன். என்ன?

– முன்பலகையில அடியில பள்ளம் இருக்கு.

– இருந்தா என்ன? எங்கயாவது ஒரு பக்கம் இருக்கத்தானே செய்யும்.

– நான் முன்பலகையைப் பல்லுல ஆரம்பிக்கிறவன். அடி மூலையில பல்லு வரும், அதுக்கு மேல பள்ளம். பக்கப் பலகைதான் பள்ளத்துல ஆரம்பிக்கும். ஜிக்குல முதப் பலகையை வெச்ச நாள்லேருந்து எனக்கு அதான் பழக்கம். இது தலைகீழா இருக்கு.

– அன்னைக்கு ஏதோ ஞாபகத்துல மாத்தி வெட்டியிருப்பீங்க.

– சட்டையைத் திருப்பிப் போட்டுக்கிட்டுக் கடைக்குப் போயிருக்கேன். இதை மாத்தினது இல்ல. யாரு வெட்டினது?

– ஜன்னலைச் சாத்திடறேன், தூசி வருது.

– உன்னைத்தான் கேக்கறேன்.

– நான்தான்.

– நீயா?

– கல்யாணமான நாள்லேருந்து பலகையோட மறுமுனையைப் பிடிச்சுக்கிட்டு நின்னவ நான். பார்த்துக்கிட்டுத்தானே நின்னேன்? பசை போட்டு மூட்டறதும் நான்தான். நீங்க வெட்டி வெச்சுட்டு மாத்திரை போட்டுத் தூங்குவீங்க. எடுத்துக் கோத்தா மூலையெல்லாம் லொடலொடன்னு ஆடும். புதுசா மரம் எடுத்து, திரும்ப வெட்டி ஒட்டிடுவேன். இடியே விழுந்தாலும் அந்த நேரத்துல உங்களுக்குக் கேக்காது.

– அப்ப நான் வெட்டின பலகையெல்லாம்?

– அடுப்புல.

– அடுப்புல வெச்சியா?

– பின்ன எங்க வைக்கறது? வெளிய கிடந்தா நீங்க பார்ப்பீங்களே.

– எத்தனை பெட்டிடி?

– தராசு உடைஞ்சதுக்கு அப்புறம் போனது எல்லாமே.

– 'பழைய கை திரும்பி வந்துடுச்சு'ன்னு கம்பெனியிலேருந்து சொன்னானே. நானும் ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேனே. மாப்பிள்ளைகிட்டகூட மார் தட்டினேன். நீ பக்கத்துல நின்னு சிரிச்ச.

– சிரிக்கலைங்க. நீங்க சிரிச்சீங்க, அதைப் பார்த்துக்கிட்டு நின்னேன்.

– அப்ப உன் கட்டைவிரல்? கதவுல நசுங்கிச்சுன்னு சொன்னியே?

– பிட்டு சீவிடுச்சு. நகத்தோட போச்சு.

– காட்டு.

– வேணாம், கட்டு போட்டிருக்கு.

– காட்டுங்கறேன்ல. அய்யோ... ஏன்டி, என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா? நான் என்ன அவ்வளவு கல்நெஞ்சுக்காரனா?

– என்னன்னு சொல்றது? உங்க கை போச்சுன்னு என் வாயால சொல்லணுமா? எனக்குக் கண்ணை மூடினா பயமா இருக்குங்க. உங்க கை மெஷினுக்குள்ள போற மாதிரியே தெரியுது. மெஷின் சத்தம் கேட்டாலே ஓடி வந்து பார்க்கறேன், ரத்தம் இருக்கான்னு. இந்த மூணும் கண்ணு முன்னாடி இருக்கிற வரைக்கும் நீங்க விட மாட்டீங்க. எனக்கும் முடியல. உடம்பும் முடியல, மனசும் முடியல.

– அழாத. முதல்ல உக்காரு. நான் ஒரு மடையன். என் கை போனதுகூட பெருசு இல்லடி, அது போனது உனக்குத் தெரிஞ்சு எனக்குத் தெரியாம இருந்திருக்கு பாரு, அதைத்தான் தாங்க முடியல.

– விடுங்க. நடந்தது நடந்து போச்சு.

– இல்ல, விடறதுக்கில்ல. இன்னைக்கு அவன் முன்னாடி நீ வெட்டு.

– என்னது?

– நிஜமாத்தான் சொல்றேன். நான் ரவுட்டரைத் தொட மாட்டேன், உன் தலையில அடிச்சுச் சத்தியம் பண்றேன். பக்கத்துல நின்னு, 'சார், இத்தனை நாளா உங்களுக்குப் பெட்டி பண்ணிக் கொடுத்தது இவதான்'னு சொல்றேன். பலகையோட மறுமுனையை இனிமே நான் பிடிக்கறேன். நடுங்குனாலும் பிடிக்கலாம்ல, அந்தப் பக்கம் பிட்டு வராது.

– வேணாங்க.

– ஏன்? வெக்கமா? கம்பெனிக்காரன் முகத்துல ஈயாடாது பாரு! சின்னதுதானே உன் கைக்குத் தோது? அதைத் துடைச்சு வெக்கறேன். பொம்மைன்னு சொன்னதுக்கு அதுகிட்ட மன்னிப்பும் கேட்டுக்கறேன். எங்க அந்தத் துணி?

– என்னங்க, நான் ஒண்ணு சொல்லணும். கொஞ்சம் கேளுங்க. வர்றவரு...

– வர்றவன்கிட்ட நான் பேசிக்கறேன், நீ கவலைப்படாத. முகத்தைக் கழுவிட்டு வா. இன்னைக்கு ஏனோ மனசு லேசா இருக்குடி. ஒளிக்கறதுக்கு ஒண்ணும் இல்லைல்ல இனிமே.

– அய்யோ, சொல்றதைக் கேளுங்களேன். தப்பா எடுத்துக்காதீங்க, நான் உங்ககிட்ட சொல்லத்தான்...

– கதவைத் தட்டறான் பாரு. வந்துட்டான். வாங்க சார், வாங்க! திறந்துதான் இருக்கு.

– வணக்கம்மா. பழைய மெஷின் எடுக்கறவன், வரச் சொன்னீங்களே. வண்டி வாசல்ல நிக்குது, மூணு ரவுட்டரையும் ஏத்திடலாம்... என்னம்மா, ஐயா தூங்குற நேரமாப் பார்த்து வாங்கன்னீங்க, முழிச்சுக்கிட்டு இருக்காரே?